டீமா உக்காந்து புது யோசனை எடுக்க 10, 15 நிமிஷப் பயிற்சிகள்: உங்க இடத்துல எது வேலை செஞ்சுது?

தறிமேடை (திருப்பூர்)

வணக்கமுங்க. பனியன் கம்பெனில புரொடக்‌ஷன் பாக்கிறேன். ஒரு பிரச்சினை ரொம்ப நாளா இழுத்துக்கிட்டே இருக்குது. ஒரே டி-ஷர்ட்ல முன்பக்கம் ஒரு ஷேடு (நிறச் சாயல்), கை ஒரு ஷேடு. வேற வேற ரோல்ல வெட்டின பீஸு லைன்ல கலந்துருது. செக்கிங்லயும் டியூப் லைட் வெளிச்சத்துல தப்பிச்சு பேக்கிங் வரைக்கும் வந்துருது. அங்க பாலிபேக்ல பத்துப் பத்தா அடுக்கறப்பதான் கண்ணுக்குத் தெரியுது.

இதுக்கு மீட்டிங் போடுவோம். கட்டிங் மாஸ்டர், ரெண்டு லைன் சூப்பர்வைசர், செக்கிங் அக்கா, மெர்ச்சண்டைசர், நான். முதலாளி நல்ல மனுசன், "என்ன பண்ணலாம், சொல்லுங்கப்பா"ன்னு கேப்பார். யாரும் வாயே திறக்க மாட்டாங்க. அப்புறம் அவரே ஒண்ணு சொல்லுவார். எல்லாரும் "ஆமாங்க, பண்ணிரலாமுங்க". முடிஞ்சுது. வெளிய வந்து டீ குடிக்கறப்ப பாருங்க, அதே ஆளுக நல்ல நல்ல யோசனையா பேசறாங்க!

கோச்சிங் ஆளைக் கூட்டிவந்து ரெண்டு நாள் வகுப்பு நடத்தற வசதியெல்லாம் இல்லை. ஷிப்டு ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி கால் மணி நேரம் கிடைக்கும். அதுக்குள்ள செய்யற மாதிரி பயிற்சி ஏதாவது இருந்தா சொல்லுங்க. சும்மா விளையாட்டு வேண்டாம். எங்க ஆளுக வாயில இருந்து யோசனை வெளிய வரணும், அதுதான் வேணும்.

ஓஎம்ஆர்வாசி (சென்னை)

தறிமேடை, உங்க டீம்ல யோசனைக்குப் பஞ்சமே இல்லை. டீ குடிக்கிற இடத்துல வருதுன்னு நீங்களே சொல்லிட்டீங்க. மீட்டிங் நடக்கிற முறைதான் அதை அடைக்குது. அதனால ஒரே ஒரு மாற்றத்தை முதல்ல பண்ணுங்க: பேசுறதுக்கு முன்னாடி எழுத வைங்க.

இது என் சொந்தக் கருத்து மட்டும் இல்லை. பிரெய்ன்ஸ்டார்மிங்னு நாம சொல்றதைப் பரப்பினவர் அலெக்ஸ் ஆஸ்போர்ன், பிபிடிஓ-ங்கிற அமெரிக்க விளம்பர நிறுவனத்தைச் சேர்ந்தவர். 1953-ல அவர் எழுதின புத்தகத்தால இந்த முறை உலகம் முழுக்கப் போச்சு. எண்ணிக்கை நிறைய வரட்டும், குறை சொல்லாதீங்க, கிறுக்குத்தனமா இருந்தாலும் பரவாயில்லை, அடுத்தவர் சொன்னதுமேல கட்டுங்க, இதுதான் அவர் விதிகள். குழுவா உக்காந்தா ஒருத்தருக்கு வர்ற யோசனை இரண்டு மடங்காகும்னு அவர் நம்பினார்.

1958-ல யேல் பல்கலைக்கழகத்துல மூணு பேர் அதைச் சோதிச்சுப் பார்த்தாங்க. நாலு பேரை ஒண்ணா உக்கார வெச்சுப் பேசவிட்டாங்க. இன்னொரு பக்கம் நாலு பேரைத் தனித்தனியா யோசிக்கவிட்டு, ஒரே மாதிரி வந்ததைக் கழிச்சுட்டு மிச்சத்தை ஒண்ணாச் சேர்த்தாங்க. தனியா யோசிச்சவங்க கிட்டதான் யோசனை அதிகம். ஏன்னு 1987-ல டீல், ஸ்ட்ரோபே ரெண்டு பேரும் ஆராய்ஞ்சாங்க. முக்கியக் காரணம் ரொம்பச் சாதாரணமானது: ஒருத்தர் பேசும்போது மத்தவங்க காத்திருக்கணும். காத்திருக்கிற நேரத்துல நினைச்சது மறந்துபோகும், இல்லைன்னா "இது சொல்ற அளவுக்கு இல்லை"ன்னு உள்ளேயே வெட்டிடுவாங்க. முதலாளி எதிர்ல உக்காந்திருந்தா இந்த வெட்டு இன்னும் பலமா விழும்.

இதுக்கு ஏத்த பயிற்சி 6-3-5. ஜெர்மனியில பெர்ன்ட் ரோர்பாக் 1969-ல வெளியிட்டது. 6 பேர், ஆளுக்கு 3 யோசனை, 5 நிமிஷம். எழுதின தாளைப் பக்கத்து ஆளுக்குத் தள்ளணும். அவர் அதைப் படிச்சுட்டு அடுத்த வரிசையில மூணு எழுதணும். ஆறு சுற்று முடிஞ்சா அரை மணி நேரத்துல 108 கட்டம் நிரம்பும்.

உங்களுக்குக் கால் மணிதானே. அப்ப ஆளுக்கு 2 யோசனை, சுற்றுக்கு 3 நிமிஷம், நாலே சுற்று வைங்க. 12 நிமிஷத்துல 48 வரி. மிச்சம் மூணு நிமிஷத்துல ஒருத்தர் மட்டும் எல்லாத் தாளையும் சத்தமாப் படிக்கட்டும். யார் எழுதினதுன்னு சொல்லவே கூடாது. முதலாளியும் எழுதலாம், ஆனா பேச்சுல அவருக்குக் கடைசி இடம்தான். இதை அவர்கிட்ட முன்னாடியே தனியாப் போய்ச் சொல்லிடுங்க, சபையில சொல்லாதீங்க.

கரும்பலகை (விருதுநகர் மாவட்டம்)

அரசுப் பள்ளியில் அறிவியல் ஆசிரியை. எங்கள் பிள்ளைகளிடமும் இதே நிலைதான். "யாருக்காவது ஏதாவது தோன்றுகிறதா?" என்று கேட்டால் முதல் பெஞ்சு மூன்று கைகள்தான் எழும், தினமும் அதே மூன்று கைகள்.

ஓஎம்ஆர்வாசி சொன்னதற்கு முன்னால் இரண்டு நிமிடம் கை உதறிக்கொள்கிற பயிற்சி ஒன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள். கில்ஃபோர்டு என்ற அமெரிக்க உளவியலாளர் படைப்புத் திறனை அளக்கப் பயன்படுத்திய சோதனை அது. செங்கல்லையோ காகித கிளிப்பையோ சொல்லி, அதை வேறு எதற்கெல்லாம் பயன்படுத்தலாம் என்று எழுதச் சொல்வார்கள். நான் சோதனையாக வைப்பதில்லை, சூடேற்றத்துக்குத்தான். வகுப்பில் ஒரு பழைய சைக்கிள் டியூபைத் தூக்கிக் காட்டுவேன்.

முதலில் எல்லோரும் எழுதுவது ஒன்றேதான்: கேரியரில் மூட்டை கட்டலாம், கவண் செய்யலாம். இதோடு நிறுத்திவிட்டால் பயிற்சியே வீண். "இன்னும் ஒரு நிமிடம்" என்று சொல்லிவிட்டு நான் பேசாமல் நிற்பேன். அந்த நிமிடம் பிள்ளைகளுக்குக் கஷ்டமாக இருக்கும், பேனாவைக் கடிப்பார்கள். பிறகுதான் வரும். தையல் வேலை செய்யும் அம்மாவின் மெஷின் கால்களுக்கு அடியில் மாட்டினால் அதிர்வு குறையும் என்று ஒரு பெண் எழுதினாள். கடைசிப் பெஞ்சுப் பையன் ஒருவன், கிணற்றுக் குழாயில் ஒழுகுகிற இடத்தில் சுற்றிவிட்டு எத்தனை நாள் தாங்குகிறது என்று எண்ணலாம் என்றான். அது சோதனை வடிவத்திலேயே வந்த யோசனை. அன்று முதல் அவன் வாய் மூடவில்லை.

முதலில் வருவது எல்லோருக்கும் பொதுவாக இருக்கிற நினைவு. அது தீர்ந்த பிறகு வருவதற்காகத்தான் காத்திருக்க வேண்டும். மூன்று நிமிடச் சுற்றில் ஒரு நிமிடத்திலேயே எழுதி முடித்துவிட்டு நிமிர்ந்து பார்ப்பவரைத் தாளை நகர்த்த விடாதீர்கள்.

ஈரோட்டுச்சந்தை

நானும் சொல்லிர்றேன், கோவிச்சுக்காதீங்க. எனக்கு இதுல நம்பிக்கை போயிருச்சு.

நான் முந்தி வேலை பாத்த ஒரு மில்லுல யோசனைப் பெட்டி வெச்சாங்க, சுவத்துல கலர் பேப்பர் ஒட்டினாங்க, ஆளாளுக்கு எழுதினோம். ஸ்பின்னிங் பக்கம் பஞ்சு தூசி உறிஞ்சற டக்டைக் கொஞ்சம் திருப்பி வெச்சா பாபின் மாத்தற பொண்ணுகளுக்கு மூச்சு முட்டாதுன்னு நான் படம் போட்டே குடுத்தேன். ஒரு பதிலும் இல்லை. "முடியாது"ன்னு சொல்லியிருந்தாக்கூடப் பரவாயில்லை. அடுத்த வருசம் மறுபடி அதே பெட்டி, அதே கலர் பேப்பர். யாரு எழுதுவா?

அப்புறம், பெரிய கண்டுபிடிப்பெல்லாம் தனி ஆளுதானே பண்றாங்க? நம்ம கோயம்புத்தூர் முருகானந்தத்தையே எடுத்துக்குங்க. நாப்கின் மெஷினுக்காக ஃபுட்பால் பிளாடர்ல ஆட்டு ரத்தத்தை ஊத்திக் கட்டிக்கிட்டு நடந்தாரு. ஊரே சிரிச்சுது. எந்த டீம் மீட்டிங்ல அது வந்திருக்கும்?

ஓஎம்ஆர்வாசி (சென்னை)

ஈரோட்டுச்சந்தை, உங்க ரெண்டாவது பாயிண்டை முழுசா ஒத்துக்கிறேன். நான் மேல சொன்ன யேல் ஆய்வும் அதைத்தான் காட்டுது. முதல்ல தனியா, அப்புறம் சேர்ந்து. இந்த வரிசை மாறினா போச்சு.

ஆனா முருகானந்தம் விஷயத்துல இன்னொண்ணையும் கவனிங்க. அவர் எடுத்துக்கிட்ட கேள்வி ரொம்பக் கூர்மையானது. பஞ்சுக்கு ஆகிற காசு கொஞ்சம், கடையில நாப்கின் விலை அதிகம், நடுவுல என்ன இருக்கு? பெரும்பாலான மீட்டிங்ல இந்தக் கேள்வியே சரியா வைக்கப்படறதில்லை.

1970-களின் தொடக்கத்துல பிராக்டர் அண்ட் கேம்பிள்ல நடந்ததை நான் அடிக்கடி டீமுக்குச் சொல்வேன். போட்டி நிறுவனமான கோல்கேட்-பாமோலிவ் பச்சைக்கோடு போட்ட ஒரு சோப்பை விட்டு நல்லா வித்துக்கிட்டு இருந்துச்சு. இவங்களும் "அதைவிட நல்ல பச்சைக்கோடு சோப்பு பண்றது எப்படி?"ன்னே மண்டையை உடைச்சாங்க. ஒண்ணும் தேறலை. அங்க வேலை பாத்த மின் பசாடர்-ங்கிறவர் கேள்வியை மாத்தினார்: "நம்மளோடதா, இன்னும் புத்துணர்ச்சி தர்ற சோப்பு ஒண்ணை எப்படி உருவாக்கலாம்?" உடனே கடல், கடற்கரைக் காத்துன்னு யோசனை அந்தப் பக்கம் போச்சு. கோஸ்ட்-னு ஒரு சோப்பு அதுல இருந்து வந்தது.

தறிமேடை, அதனால "ஷேடு பிரச்சினைக்கு என்ன பண்ணலாம்?"னு தாள் மேல எழுதாதீங்க. "ஒரு பண்டில் (வெட்டின பீஸுக் கட்டு) பீஸு இன்னொரு பண்டிலுக்குப் போகாம இருக்க நாம என்னென்ன பண்ணலாம்?"னு எழுதுங்க. இன்னும் ரெண்டு மூணு விதமா எழுதிப் பாத்து, படிச்ச உடனே கை பரபரக்கிற கேள்வி எதுவோ அதை வைங்க.

செவிலிமலர் (மதுரை)

நான் ஒரு தனியார் ஆஸ்பத்திரில வார்டு இன்சார்ஜ். எங்ககிட்ட நல்லா எடுபட்ட பயிற்சி ஒண்ணு சொல்றேன். "இதே பிரச்சினை வேற எந்தத் தொழில்ல இருக்கு? அங்க எப்படிச் சமாளிக்கிறாங்க?" இவ்வளவுதான் கேள்வி. அஞ்சு நிமிஷம் போதும்.

எங்க ஊரு அரவிந்த் கண் மருத்துவமனையே இதுக்கு உதாரணம். டாக்டர் ஜி. வெங்கடசாமி ஐயா ரிட்டயர் ஆன பிறகு 1976-ல 11 படுக்கையோட ஆரம்பிச்சாங்க. அவரு மெக்டொனால்ட்ஸ் கடையைப் பாத்து, ஒரே தரத்துல இத்தனை பேருக்குக் குடுக்க முடியுதே, கண் ஆபரேஷனை இப்படிச் செய்ய முடியாதான்னு யோசிச்சவரு. அங்க ஒரு சர்ஜனுக்கு ரெண்டு டேபிள். ஒரு நோயாளிக்கு ஆபரேஷன் நடக்கும்போதே பக்கத்து டேபிள்ல அடுத்தவரைத் தயார் பண்ணி வெச்சிருவாங்க. டாக்டர் மைக்ரோஸ்கோப்பைத் திருப்பிக்கிட்டு அங்குட்டுப் போயிருவாரு.

இன்னொண்ணு லண்டன்ல. கிரேட் ஆர்மண்ட் ஸ்ட்ரீட் குழந்தைகள் ஆஸ்பத்திரில, இதய ஆபரேஷன் முடிஞ்ச குழந்தையை ஐசியுவுக்கு மாத்தற நேரத்துல குழப்பம் வரும். வயர், டியூப், வென்டிலேட்டர் எல்லாத்தையும் ஒரே நேரத்துல மாத்தணும், விவரமும் சொல்லணும். ஃபார்முலா ஒன் ரேஸ்ல பிட்ஸ்டாப்ல சில விநாடில டயர் மாத்தறதை டிவில பாத்த டாக்டர்கள், ஃபெராரி டீமைக் கூப்பிட்டுப் பேசினாங்க. யாரு எங்க நிக்கணும், யாரு தலைமை, எது முடிஞ்சு எதுன்னு வரிசை போட்டாங்க. தப்பு குறைஞ்சுது.

நாங்க இதை எங்க நைட் ஷிப்டு ஹேண்டோவருக்கு எடுத்துக்கிட்டோம். டீம்ல ஒரு தம்பி, அவங்க மாமா பஸ் கண்டக்டர்னு சொல்லி, கண்டக்டர் ட்யூட்டி மாறும்போது டிக்கெட் நம்பரைக் குறிச்சுக் கையெழுத்து வாங்கற முறையை விவரமாச் சொன்னான். ரெண்டு பேரும் அதே இடத்துல, அதே பொருளைப் பாத்து எண்ணணும். அதுல இருந்துதான் இப்ப எங்க வார்டுல ஹேண்டோவர் நர்ஸ் ஸ்டேஷன்ல நடக்கறதில்ல. ஒவ்வொரு படுக்கை பக்கத்துலயும் நின்னு, ட்ரிப் பாட்டிலை ரெண்டு பேரும் பாத்துத்தான் கையெழுத்து.

உங்க ஷேடு பிரச்சினையை யாரு ஏற்கெனவே தீர்த்திருக்காங்கன்னு கேளுங்க. பொருள் கலந்துறக் கூடாதுன்னு பாடுபடற தொழில் எத்தனை இருக்கு! பிளட் பேங்க், நகைக்கடை, சலவைக்காரர்.

பனங்கூடல் (யாழ்ப்பாணம்)

எல்லாரும் எழுதச் சொல்லிச் சொல்லுறியள். எங்கட இடத்தில அது சரிவராது. நான் பனையோலைக் கைப்பணி செய்யிற பெண்கள் குழுக்களோட வேலை செய்யிறன். அம்மாக்களுக்குப் பேனை எண்டாலே ஒரு கூச்சம். பேப்பரைக் குடுத்தா "பிள்ளை, நீயே எழுது" எண்டு திருப்பித் தந்திடுவினம். கையில ஓலையைக் குடுத்தா வேற ஆக்கள்.

நாங்கள் செய்யிறது தலைகீழ்க் கேள்வி. மாரி காலத்தில கடகம், பெட்டி எல்லாத்திலயும் பூஞ்சணம் பிடிச்சிடும். "பூஞ்சணத்தை எப்பிடித் தடுக்கலாம்?" எண்டு கேட்டா ஒருத்தரும் கதைக்கேல்லை. "சரி, பூஞ்சணம் கெதியாப் பிடிக்கவேணும் எண்டா என்னென்ன செய்யவேணும்?" எண்டு கேட்டன். ஒரே சிரிப்பு. பிறகு ஒவ்வொருத்தரா வந்தினம். ஓலை வடிவாக் காய முதல் பின்னவேணும். சீமெந்து நிலத்தில அடுக்கவேணும். பொலித்தீன் பையில இறுக்கிக் கட்டவேணும். சாயம் போட்ட ஓலையை நிழலில ஈரத்தோட விடவேணும். யன்னல் இல்லாத அறையில வைக்கவேணும்.

எல்லாத்தையும் சொல்லி முடிய, மூத்த அம்மா ஒராள் எழும்பி, "இதில முக்கால்வாசி நாங்கள் இப்ப செய்துகொண்டுதானே இருக்கிறம்" எண்டா. அதுக்குப் பிறகு தீர்வு கேக்கவே தேவைப்படேல்லை. அண்டைக்கே சாமான் எல்லாம் நிலத்தில இருந்து மரப்பலகைக்கு ஏறிட்டுது, பொலித்தீன் கட்டையும் அவிட்டு விட்டினம்.

தலைகீழாக் கேட்டா ஏன் கதைக்கினம் எண்டா, பிழை சொல்லுறதில ஒருத்தருக்கும் பயமில்லை. சரியான விடையைச் சொல்லவேணும் எண்ட பாரம் அங்க இல்லை.

தறிமேடை (திருப்பூர்)

பனங்கூடல் அக்கா, இது அருமையுங்க. எங்க ஆளுகளும் தப்பு எப்படிப் பண்றதுன்னு கேட்டா கொட்டித் தீத்துருவாங்க.

பழைய பிட்டர் (திருச்சி)

பொதுத்துறைத் தொழிற்சாலையில் பிட்டராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். இந்த விவாதத்தைப் படிக்கும்போது எங்கள் குவாலிட்டி சர்க்கிள் நாட்கள் நினைவுக்கு வருகின்றன.

இந்த முறை 1962-ல் ஜப்பானில் தொடங்கியது. கவோரு இஷிகாவாதான் அதன் முக்கியமான ஆசான். இந்தியாவில் 1980-ல் ஹைதராபாத் பெல் தொழிற்சாலையில் முதலில் ஆரம்பித்தார்கள். ஒரே பிரிவில் வேலை பார்க்கும் ஆறு முதல் பத்து பேர், வாரம் ஒரு மணி நேரம், தாங்களே ஒரு பிரச்சினையைத் தேர்ந்தெடுத்துத் தீர்வு கண்டு மேலாண்மையின் முன் எடுத்துச் சொல்ல வேண்டும். எடுத்துச் சொல்வது அதிகாரி அல்ல, வெல்டரும் கிரேன் ஆபரேட்டரும்தான்.

அங்கே யோசனை கேட்பதற்கு ஓர் ஒழுங்கு உண்டு. வட்டமாக உட்கார்ந்து வரிசையாக ஆளுக்கு ஒன்றே ஒன்று சொல்ல வேண்டும். ஒரு முறைக்கு இரண்டு சொல்லக் கூடாது. ஒன்றும் தோன்றவில்லை என்றால் "பாஸ்" என்று சொல்லிவிடலாம், அதில் எந்த வெட்கமும் இல்லை. எல்லோரும் பாஸ் என்று சொல்லும் வரை சுற்று நிற்காது. சொன்னதைச் சொன்ன வார்த்தையிலேயே கரும்பலகையில் எழுத வேண்டும், திருத்தி எழுதக் கூடாது. நாங்கள் இதைக் கண்டிப்பாகக் கடைப்பிடித்தோம். எழுதுபவர் வார்த்தையை மாற்றினால் சொன்னவன் அடுத்த சுற்றில் பாஸ் போட்டுவிடுவான்.

அமைதியான ஆள் மூன்றாவது, நான்காவது சுற்றில்தான் பேசுவார். அதுவரை இரண்டு முறை பாஸ் சொல்லியிருப்பார். என் அனுபவத்தில் அவருடைய யோசனையைத்தான் பலமுறை கடைசியில் நடைமுறைப்படுத்தினோம், ஏனென்றால் அவர்தான் மிஷினுக்கு மிக அருகில் நிற்பவர்.

ஈரோட்டுச்சந்தை அவர்களின் கசப்பு நியாயமானது. டொயோட்டா 1951-ல் தொழிலாளர் யோசனைத் திட்டத்தை ஆரம்பித்து இன்றுவரை நடத்துகிறது. அங்கே யோசனை கொடுப்பவனுக்குப் பதில் உண்டு. தறிமேடை அவர்களே, தாளைக் கொடுப்பதற்கு முன் உங்கள் முதலாளியிடம் மூன்று விஷயங்களை வாங்கிக்கொள்ளுங்கள்: யார் முடிவெடுப்பது, எவ்வளவு செலவுவரை கேள்வி கேட்காமல் செய்து பார்க்கலாம், எந்தத் தேதிக்குள் ஒவ்வொரு தாளுக்கும் பதில். இந்த மூன்றும் இல்லாமல் பயிற்சி நடத்தாதீர்கள். நடத்துவதைவிட நடத்தாமல் இருப்பது நல்லது.

ஈரோட்டுச்சந்தை

பெரியவர் சொன்னது மனசுக்குப் பட்டுதுங்க. தேதி போட்டுப் பதில் சொல்ற இடம்னா நானும் எழுதுவேன்.

ஒரு சந்தேகம். "குறை சொல்லாதே"ங்கறாங்களே, அது சரிதானா? எங்க ஊர்ல ஒருத்தன் சொன்னா இன்னொருத்தன் "அது ஆகாதுப்பா, ஏன்னா..."ன்னு ஆரம்பிப்பான். அந்த 'ஏன்னா'ல இருந்துதான் நல்லது வரும். வாயைக் கட்டிட்டா பேச்சே செத்துப்போயிரும்.

ஓஎம்ஆர்வாசி (சென்னை)

நல்ல கேள்வி. நீங்க சொல்றதுக்கும் ஆதாரம் இருக்கு. சார்லன் நெமெத்-ங்கிற உளவியலாளரும் மத்தவங்களும் அமெரிக்காவுலயும் பிரான்ஸ்லயும் செஞ்ச ஆய்வு 2004-ல வந்தது. ஒரு குழுவுக்குக் குறை சொல்லாதீங்கன்னு சொன்னாங்க, இன்னொண்ணுக்குத் தாராளமா விவாதம் பண்ணுங்க, விமர்சனம் பண்ணுங்கன்னு சொன்னாங்க. விவாதம் பண்ணினவங்க யோசனையில பின்தங்கலை, முன்னாடிதான் இருந்தாங்க.

ஆனா ஒரே அந்தஸ்துல இருக்கிறவங்க சண்டை போடறது வேற, சூப்பர்வைசர் ஹெல்பரைப் பாத்து "அது ஆகாது"ங்கிறது வேற. நான் என் டீம்ல பண்றது இதுதான்: எழுதுற நேரத்துல பேச்சே கிடையாது. படிச்ச பிறகு எதிர்வாதம் பண்ணலாம், ஆனா "ஆகாது"ன்னா அதே மூச்சுல "இப்படின்னா ஆகும்"னு ஒண்ணு சொல்லணும். பதவியில பெரியவங்க கடைசியாப் பேசணும்.

கரும்பலகை (விருதுநகர் மாவட்டம்)

வரையச் சொல்கிற பயிற்சியை யாரும் சொல்லவில்லையே. ஒரு ஏ4 தாளை மூன்று முறை மடித்தால் எட்டுக் கட்டம் வரும். எட்டு நிமிடம், கட்டத்துக்கு ஒரு படம். கூகுளின் முதலீட்டு நிறுவனமான கூகுள் வெஞ்சர்ஸ் குழுவினர், ஒரு யோசனையைச் சில நாட்களில் வடிவமைத்துச் சோதிக்கும் தங்கள் 'டிசைன் ஸ்பிரிண்ட்' முறையில் 'கிரேஸி எய்ட்ஸ்' என்று இதைப் புகழ்பெறச் செய்தார்கள். ஓவியம் நன்றாக இருக்க வேண்டியதில்லை, குச்சி மனிதர்கள் போதும். எழுதத் தயங்குகிறவர்களும் நாலாவது கட்டத்தில் வேகம் பிடித்துவிடுவார்கள்.

தறிமேடை (திருப்பூர்)

நடத்திட்டேனுங்க. எப்படிப் போச்சுன்னு சொல்றேன்.

முதலாளிகிட்ட முந்தின நாள் தனியாப் பேசினேன். பெரியவர் சொன்ன மூணையும் வாங்கிட்டேன். அவர் உடனே ஒத்துக்கிட்டார், அது எனக்கே ஆச்சரியம். கட்டிங் செக்‌ஷன்ல மிச்சமாகற மார்க்கர் பேப்பரை (துணி வெட்ட அளவு வரையற தாள்) கிழிச்சு ஆளுக்கொரு தாள். இந்தத் தடவை சூப்பர்வைசர்களோட, டெய்லருக்கு உதவியா இருக்கற கைமடி அக்கா ஒருத்தரையும் ஓவர்லாக் டெய்லர் ஒருத்தரையும் சேத்துக்கிட்டேன். முதல் ரெண்டு நிமிஷம் தலைகீழ்க் கேள்வி: "ஷேடு நல்லாக் கலக்கணும்னா என்ன பண்ணணும்?" சிரிப்பு வந்ததுமே அறை இளகிருச்சு. அப்புறம் நாலு சுற்று எழுத்து.

மூணாவது தாள்ல ஒரே ஒரு வரி: "ஒரு பீஸு டேமேஜ் ஆனா மாத்து பீஸு எங்க வாங்கறதுன்னு சொல்லுங்க." இதைப் படிச்சதும் எல்லாரும் ஒருத்தரை ஒருத்தர் பாத்துக்கிட்டாங்க. விசயம் இதுதான். கை பீஸுல ஓட்டை இருந்தா டெய்லர் என்ன பண்ணுவார்? லைன் நிக்கக் கூடாது, பீஸ் ரேட்டுல வேலை. பக்கத்து பண்டில்ல இருந்து ஒண்ணை உருவிக்குவார். அங்க ஒண்ணு குறையும், அவர் அடுத்ததுல இருந்து உருவுவார். சாயங்காலத்துக்குள்ள லைன் முழுக்க ஒண்ணு தள்ளி ஒண்ணு நகர்ந்திருக்கும். நாங்க இத்தனை நாளும் செக்கிங்ல லைட்டு மாத்தறதைப் பத்திப் பேசிக்கிட்டு இருந்தோம்!

அந்த வரிக்குக் கீழ அடுத்த ஆளு எழுதினது: ஒவ்வொரு ரோல்லயும் கடைசி பிட்டைத் தூக்கிப் போடாம ரோல் நம்பர் போட்டு வெச்சுக்கலாம், மாத்து பீஸு அதுல வெட்டிக் குடுக்கலாம். அதுக்குக் கீழ இன்னொருத்தர்: ரோலுக்கு ஒரு கலர் துணி நாடால பண்டிலைக் கட்டலாம், அப்ப நம்பர் படிக்கவே வேண்டாம், தூரத்துல இருந்தே தெரியும். நாடாவுக்குக் காசே இல்லை, கட்டிங் வேஸ்ட்லயே வந்துரும்.

ரெண்டையும் ஒரு லைன்ல மட்டும் பண்ணிப் பாக்கறதுன்னு முடிவு. முதலாளி கடைசியாத்தான் பேசினார். மத்த தாளுக்கெல்லாம் வெள்ளிக்கிழமை பதில் ஒட்டறோம்.

செவிலிமலர் (மதுரை)

கேக்கவே சந்தோசமா இருக்கு தம்பி. லைன்ல இறக்கறதுக்கு முன்னாடி இன்னும் ஒரு அஞ்சு நிமிஷம் செலவு பண்ணுங்க. கேரி கிளைன்-ங்கிறவர் 2007-ல எழுதின முறை, பேரு ப்ரீமார்ட்டம். "மூணு மாசம் ஆச்சு, இந்த நாடா திட்டம் படுதோல்வி. ஏன்?" இதை நடந்து முடிஞ்ச விசயமா வெச்சுக்கிட்டு ஆளுக்கு ரெண்டு காரணம் எழுதச் சொல்லுங்க. "தோக்குமா?"ன்னு கேட்டா எல்லாரும் தோக்காதுன்னுதான் சொல்லுவாங்க. தோத்திருச்சுன்னு சொல்லிட்டுக் காரணம் கேட்டா மனசுக்குள்ள இருந்த சந்தேகம் வெளிய வரும். எங்ககிட்ட அப்படித்தான் புது மருந்து ட்ராலியோட சக்கரம் லிஃப்ட் இடைவெளில மாட்டும்னு ஆயாம்மா எழுதினாங்க, வாங்கறதுக்கு முன்னாடியே.

தறிமேடை (திருப்பூர்)

பண்ணினோமுங்க அக்கா. ஒரு காரணம் தூக்கிவாரிப் போட்டுது: "அவசர ஷிப்மெண்டுன்னா கட்டிங்ல நாடா கட்ட மாட்டாங்க." அதனால கட்டிங்ல பண்டில் போடற மேசைலயே நாடா தொங்கற மாதிரி கம்பி அடிச்சுட்டோம். நாடா இல்லாத பண்டிலை லைன்ல வாங்கக் கூடாதுன்னு, பண்டிலை லைனுக்கு எடுத்துக் குடுக்கற லைன் ஃபீடருக்கு அதிகாரம் குடுத்தாச்சு.

இப்ப ஒரு கேள்வி. லைன்ல பாதிப் பேரு ஒடிசா, பீகார் பசங்க. தமிழ் பேசக் கத்துக்கிட்டாங்க, படிக்க வராது. அவங்க எழுதற பயிற்சிக்கு வரவே இல்லை. பீஸு உருவறது நடக்கற இடத்துல உக்காந்திருக்கறதே அவங்கதான்.

பனங்கூடல் (யாழ்ப்பாணம்)

தம்பி, அவையளை மேசைக்குக் கூப்பிடாதேங்கோ, நீங்கள் மிசினடிக்குப் போங்கோ. ஓட்டை விழுந்த கைப் பீஸ் ஒண்டைக் குடுத்து, "இப்ப என்ன செய்வீங்கள்? செய்து காட்டுங்கோ" எண்டு கேளுங்கோ. வாய் திறக்கத் தேவையில்லை. பிறகு நாலு கலர் நாடாவை முன்னால வைச்சு, "உங்களுக்கு லேசா வாறமாதிரி ஒழுங்கு பண்ணுங்கோ" எண்டு விட்டிட்டுத் தள்ளி நில்லுங்கோ. சூப்பர்வைசரும் தள்ளி நிக்கவேணும்.

பழைய பிட்டர் (திருச்சி)

அம்மா சொல்வதுதான் சரி. கூடவே ஒன்று: ஒடியா, இந்தி இரண்டும் தமிழும் தெரிந்த ஒரு பையனை அந்தச் சுற்றுக்குத் தலைவனாகப் போடுங்கள், மொழிபெயர்ப்பாளனாக அல்ல. அவர்கள் செய்து காட்டுவதை மொபைலில் படம் எடுத்து, வெள்ளிக்கிழமை ஒட்டும் பதில்களுக்குப் பக்கத்திலேயே அந்தப் படத்தையும் ஒட்டுங்கள். பதில் தேதி அவர்களுக்கும் உண்டு.